ஒரு தொகுதியின் சரித்திரம்: சாத்தூரும் விருதுநகரும்



சட்டமன்றத் தொகுதிகளின் தேர்தல் சரித்திரத்தை ஆராய்வதற்கெனக் கூட்டப்பட்ட இந்த மாநாட்டுக்குத் தலைமை வகிக்குமாறு நீங்கள் பணித்தபோது, தமிழகம் முழுவதையும் ஒரே மூச்சில் அளந்து பேசுவதைக் காட்டிலும், வைப்பாற்றங்கரைச் சாத்தூரையும் அதற்கு அண்டைய விருதுநகரையும் எடுத்துக்கொண்டு, அவற்றின் வழியாக என் மனத்திலுள்ள ஒரே கருத்தை உங்கள் முன் வைப்பதே உசிதம் என்று தீர்மானித்தேன். தொகுதியின் சரித்திரம் என்று நாம் இதுகாறும் எழுதி வைத்திருப்பது பெரும்பாலும் வென்றவர்களின் பெயர் வரிசையே. வாக்குரிமை எவருக்கு இருந்தது, அவர்களை எந்த எல்லைக்குள் அடக்கினார்கள், அவர்களுடைய வாக்கு எந்த முறையில் பெறப்பட்டது என்பவற்றை ஆராயாத வரையில் அந்த வரிசை சரித்திரம் என்ற பெயருக்கு உரியதாகாது என்பது என் அபிப்பிராயம்.

1937-ஆம் ஆண்டுத் தேர்தலை நோக்குங்கள். சென்னை மாகாணச் சட்டசபையின் 215 ஸ்தானங்களில் 159-ஐக் காங்கிரஸ் கைப்பற்றிய அந்தத் தேர்தலில், காங்கிரஸின் பெட்டியான மஞ்சள் பெட்டியில் ஓட்டுப் போடுங்கள் என்ற பிரசாரம் ஊர் ஊராக நடந்ததை நம்முடைய முதியோர்கள் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் சாத்தூர்த் தொகுதியிலோ காமராஜர் போட்டியின்றியே தேர்ந்தெடுக்கப்பட்டார். பெட்டி வைக்கவும் இல்லை, ஓட்டு எண்ணவும் இல்லை. புள்ளிவிவரத்தை மட்டுமே நாடுகிற ஆராய்ச்சியாளர் இந்த இடத்தை ஒரு வரியில் கடந்துவிடுவார். நானோ, எண்ணப்படாத அந்தத் தேர்தலிலேதான் நாம் நெடுநேரம் நின்று சிந்திக்க வேண்டும் என்பேன். சொத்தும் வரியும் எழுத்தறிவும் தகுதியாக விதிக்கப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியா முழுவதிலும் ஏறக்குறைய மூன்று கோடிப் பேருக்கே வாக்குரிமை இருந்த காலம் அது. மானாவாரி நிலத்தில் பருத்தி எடுத்த பெண்ணும், வண்டியோட்டியும், சேரியில் வாழ்ந்த கூலியாளும் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். எதிர்த்து நிற்க ஒருவரும் முன்வராததற்குத் தலைவரின் செல்வாக்கு எவ்வளவு காரணம், குறுகிய வாக்காளர் வட்டம் எவ்வளவு காரணம் என்று பிரித்துக் காண்பது கடினமான காரியமாயினும் அவசியமான காரியம்.

இங்கே ஒரு வார்த்தை. தேர்தல் என்றவுடன் உத்திரமேரூர்க் கல்வெட்டை நினைவுகூர்ந்து, பராந்தக சோழன் காலத்துக் குடவோலை முறையே நம் ஜனநாயகத்தின் தாய் என்று பேசுவது மேடைகளில் வழக்கமாகிவிட்டது. அந்தக் கல்வெட்டின் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்கி வைத்த அதன் கண்டிப்பு எக்காலத்துக்கும் போற்றத் தக்கது. எனினும், இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உடையவர்களிடையே சீட்டெடுத்து வாரியத்தாரை நியமித்த முறைக்கும், இருபத்தொரு வயது நிரம்பிய ஒவ்வொரு பிரஜையின் கையிலும் வாக்குச் சீட்டை ஒப்படைத்த 1952-ஆம் ஆண்டுக்கும் இடையே கிடப்பது பெரும் பள்ளம். அதை நம்முடைய பெருமிதத்தால் தூர்த்துவிட முடியாது.

அந்த 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை ராஜ்யத்துக்கு 375 ஸ்தானங்கள் இருந்தன, தொகுதிகளோ 309. அவற்றில் 66 இரட்டை அங்கத்தினர் தொகுதிகள். ஒரே வாக்காளர் இருவரைத் தேர்ந்தெடுத்த அந்த முறை 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. ஆகையால் 1952, 1957 ஆகிய ஆண்டுகளின் வாக்கு எண்ணிக்கையைப் பிந்திய ஆண்டுகளின் எண்ணிக்கையோடு அப்படியே ஒப்பிடும் கட்டுரைகளை நீங்கள் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். இவ்விரண்டு தேர்தல்களிலும் ஒவ்வோர் அபேட்சகருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, சீட்டை விரும்பிய பெட்டியில் இடச் செய்தார்கள் என்பதையும் மறத்தலாகாது.

முதற் பொதுத் தேர்தலில் காமராஜர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பார்லிமெண்டுக்குப் போனார். 1954 ஏப்ரலில் முதலமைச்சரானவுடன் அவருக்குச் சட்டசபை ஸ்தானம் ஒன்று தேவைப்பட்டது. அவருக்கு முன் அப்பதவியை வகித்த ராஜாஜி, தேர்தலில் நில்லாமல் மேல்சபைக்கு நியமனம் பெற்று வந்தவர். அந்த வழி திறந்திருக்கவும் அதனை நாடாமல், தம் சொந்த வட்டாரத்துக்கு வெகு தூரத்திலுள்ள குடியாத்தத்தில் உபதேர்தலுக்கு நின்று, கம்யூனிஸ்டுக் கட்சியின் கோதண்டராமனைக் காமராஜர் வென்றார். பெரியாரும் அண்ணாவின் கட்சியான தி.மு.க.வும் அவரை ஆதரித்தார்கள். மக்களிடம் கேட்டுப் பெற்றுத்தான் ஆட்சி செய்ய வேண்டும் என்ற அந்த முடிவை நம் நாட்டு அரசியல் சரித்திரத்தின் உயர்ந்த சம்பவங்களில் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

1957-லும் 1962-லும் அவர் சாத்தூருக்கே திரும்பி வந்து வெற்றி பெற்றார். அதே 1957-ல், அதே இராமநாதபுரம் ஜில்லாவின் முதுகுளத்தூரில் நடந்த உபதேர்தலின் பின்விளைவாகச் சாதிக் கலவரம் மூண்டு, செப்டம்பர் 11-ஆம் நாள் ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் இம்மானுவேல் சேகரன் கொலையுண்டதும், துப்பாக்கிச் சூடுகள் நிகழ்ந்ததும் நீங்கள் அறிந்தவை. வென்றவர் பட்டியலில் அந்த உபதேர்தல் ஒற்றை வரி. அந்த ஒற்றை வரிக்குக் கீழே எத்தனை குடும்பங்களின் கண்ணீர் கிடக்கிறது என்பதைச் சொல்லாத தேர்தல் சரித்திரத்தை எந்த மாணவரும் எனக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டாம்.

இனி 1967. நம் மாநாட்டில் பலருடைய கட்டுரைகளும் வந்து சேருமிடம் இதுவாகையால் சற்று விரிவாகவே சொல்கிறேன். விருதுநகர்த் தொகுதியில் தி.மு.க.வின் சீனிவாசன் 33,421 வாக்குகளும், காமராஜர் 32,136 வாக்குகளும் பெற்றார்கள், வித்தியாசம் 1,285. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முன்னின்ற ஒரு மாணவர் தலைவர், இரண்டு பிரதம மந்திரிகளைத் தேர்ந்தெடுப்பதில் பெரும்பங்கு வகித்த தலைவரை அவருடைய பிறந்த ஊரிலேயே தோற்கடித்தார் என்று நாடெங்கும் வியந்து பேசினார்கள்; இன்றும் பேசுகிறார்கள். வியப்பதில் தவறில்லை. ஆனால் 643 பேர் தம் முடிவை மாற்றியிருந்தால் முடிவே மாறியிருக்கும் என்பதையும், பெற்ற ஊர் தன் மகனைக் கைவிட்டது என்று சொல்பவர்கள் அவருக்கு வாக்களித்த முப்பத்தீராயிரம் பேரை மறந்துவிடுகிறார்கள் என்பதையும் நாம் கணக்கில் கொள்ள வேண்டும். நன்றிகெட்ட ஊர் என்று விருதுநகரின் மேல் சுமத்தப்பட்ட பழியை நான் ஒருபோதும் ஏற்றதில்லை.

ராஜ்யம் முழுவதையும் நோக்கினால் விஷயம் மேலும் தெளிவாகும். அந்தத் தேர்தலில் காங்கிரஸ் பெற்ற வாக்கு நூற்றுக்கு 41, தி.மு.க. பெற்றது அதைவிடச் சற்றே குறைவு. ஸ்தானங்களோ காங்கிரஸுக்கு 51, தி.மு.க.வுக்கு 137. சுதந்திராக் கட்சி முதல் மார்க்சிஸ்டுகள் வரை கொள்கையில் கடலளவு வேறுபட்டவர்களைத் தி.மு.க. ஓரணியில் சேர்த்துத் தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டமையால், காங்கிரஸுக்கு எதிரான வாக்குகள் சிதறாமல் ஓரிடத்தில் குவிந்தன. அரிசிப் பஞ்சமும் 1965-ஆம் ஆண்டின் மொழிப் போராட்டமும் மனங்களைத் திருப்பின. திரும்பிய மனங்களை ஸ்தானங்களாக மாற்றியது அந்த உடன்பாடு. முதலமைச்சர் பக்தவத்சலமே ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார் என்னும்போது, விருதுநகரின் முடிவுக்கு உள்ளூர்ச் சாதிக் கணக்கை மட்டும் காரணமாகக் காட்டுவது எவ்வளவு குறுகிய பார்வை என்பது விளங்கும்.

இதனோடு எல்லைப் பிரச்சினையும் சேர்கிறது. 1962-ல் 206-ஆக இருந்த ஸ்தானங்கள் 1967-ல் 234-ஆக உயர்ந்தன. 28 புதிய தொகுதிகளுக்கு இடம் காண வேண்டுமானால் பழைய தொகுதிகளின் எல்லைகளை அசைக்காமல் முடியாது. சாத்தூரிலிருந்து எந்தக் கிராமங்கள் விலகின, விருதுநகரோடு எவை சேர்ந்தன என்பதை வரைபடத்தில் வைத்துப் பார்க்காமல், சாத்தூரில் வென்றவர் விருதுநகரில் தோற்றார் என்று எழுதுவது அரைகுறைச் செய்தியே. அந்த 234 என்ற எண் இன்றளவும் மாறவில்லை. 1976-ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தமும் பின்னர் 2001-ஆம் ஆண்டின் திருத்தமும் ஸ்தானங்களின் தொகையை நிறுத்தி வைத்தன. 2008-ல் உள்ளெல்லைகள் மட்டும் மறுபடி வரையப்பட்டன. அம்மறுவரையறைக்குப் பின் விருதுநகர் மாவட்டத்தில் ஏழு தொகுதிகள் இருக்கின்றன. பெயரால் பழைய சாத்தூரும் பழைய விருதுநகரும் அவற்றுள் நிலைத்திருக்கின்றன, நிலப்பரப்பால் அவை பழையவை அல்ல.

ஆகவே இம்மூன்று நாள் அமர்வுகளில், கட்சிகளின் ஏற்றத்தாழ்வைப் பற்றிய கட்டுரைகளைப் பிந்திய அமர்வுக்கு ஒதுக்கி, எல்லைகளையும் வாக்காளர் பட்டியல்களையும் பற்றிய கட்டுரைகளை முதலில் எடுத்துக்கொள்ளுமாறு அமைப்பாளர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பழைய மறுவரையறை ஆணைகளின் கிராம அட்டவணைகளும், தாலுகா அலுவலகங்களில் செல்லரித்துக் கிடக்கும் வாக்காளர் பட்டியல்களும், சிவகாசி அச்சகங்களில் அடித்த தேர்தல் சுவரொட்டிகளும் ஒவ்வோர் ஆண்டும் அழிந்துகொண்டிருக்கின்றன. 1952-ல் முதன்முதலாகப் பெட்டியில் சீட்டிட்டவர்களில் இன்று எஞ்சியிருப்பவர் மிகச் சிலரே. அவர்களுக்குத் தொண்ணூறு வயது கடந்துவிட்டது. கரிசல் கிராமங்களிலிருந்து வந்திருக்கும் மாணவர்கள், ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த மாநாட்டில் முதல் அமர்வை அந்தக் குறிப்புகளுக்கே கொடுக்கலாம்.