விருதா? நட்பா?

நடுவர் அவர்களே! "கலைஞனுக்கு நிறைவு தருவது விருதா, நட்பா?"ன்னு கேட்டிருக்கீங்க. எதிரணி நண்பர் மாலை, மேடை, கேடயம்னு அடுக்கிட்டுப் போனார். நான் ஒரே ஒரு விழாவைச் சொல்றேன்.

அமெரிக்கக் கார்ட்டூனிஸ்டுகள் 1946இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஆண்டுக்கொரு வார இறுதியில் கூடி 'ரூபன் விருது' வழங்குவார்கள். 2019இல் கலிபோர்னியாவில், ஹண்டிங்டன் பீச் ரிசார்ட் ஒன்றில் கூடினார்கள். ரூபன் ஒருத்தருக்குத்தான். மத்தவங்க எதுக்கய்யா பெட்டியைத் தூக்கிட்டு வர்றாங்க? வருஷம் பூரா தனி அறையில வெள்ளைத்தாளோட மல்லுக்கட்டுறவன், அந்த வலி தெரிஞ்ச இன்னொருத்தனைப் பார்க்கத்தான் வர்றான்! (கைதட்டல்)

'பீனட்ஸ்' வரைந்த சார்லஸ் ஷுல்ஸ் 1955, 1964 என இருமுறை ரூபன் வாங்கியவர். 2000 பிப்ரவரி 12இல் காலமானார். மறுநாள்தான் அவருடைய கடைசி ஞாயிற்றுக்கிழமைச் சித்திரம் வெளியானது. அந்த ஆண்டு விழா மே 27. வாழ்நாள் சாதனை விருது காத்திருந்தது. வாங்க அவர் இல்லை. ஆனால் அன்றைக்குப் பத்திரிகைகளைப் பிரித்தால், நாற்பதுக்கும் மேற்பட்ட சித்திரத் தொடர்களில், தங்கள் கட்டங்களுக்குள்ளேயே அவருக்கு அஞ்சலி வரைந்திருந்தார்கள் சக கலைஞர்கள்!

விருது வாங்கக் கை வேண்டும், நடுவர் அவர்களே. கை ஓய்ந்த பிறகும் நம்மை நினைத்து வரைய நண்பன் வேண்டும். நட்பே என்று தீர்ப்புச் சொல்லுங்கள்.