தெருவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை
(பெருங்களத்தூர் ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



 

ஸஹீஹ் முஸ்லிமில் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அறிவில் சிறிது குறைபாடுடைய பெண்மணி ஒருவர், தமக்கு ஒரு தேவை இருப்பதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கூறினார். எந்தத் தெருவில் நின்று பேசுவது என்பதை அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்ன நாயகம் (ஸல்) அவர்கள், அவருடைய தேவை நிறைவேறும் வரை உடன் நின்றார்கள்.

நம் வீடுகளிலோ, அறிவுசார் குறைபாடுடைய மகனுக்கு 25 வயதான பின்பும் சட்டையின் நிறம் முதல் தட்டில் வைக்கும் உணவு வரை அனைத்தும் பிறர் முடிவே. இது அன்பினால் விளைவது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், எதையும் வேண்டும் வேண்டாம் என்று சொல்லிப் பழகாதவன், நாளை எவரேனும் தீங்கிழைத்தால் எப்படி மறுப்பான்? "எங்களுக்குப் பின் யார்?" என்று கலங்கும் பெற்றோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

பத்துச் சட்டைகளைக் காட்டினால் அவன் குழம்புவான், இரண்டைக் காட்டுங்கள். பேச்சு வராத பிள்ளைக்குப் படங்கள் போதும். கேட்டபின் காத்திருங்கள். (நம்மில் பலர் கேள்வியையும் கேட்டு, பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம்!) இங்கிருந்து தாம்பரம் ஒரே நிலையம்தான். முதலில் அருகில் அமர்ந்தும், பிறகு சற்றுத் தள்ளி அமர்ந்தும் ரயில் பயணத்தைப் பழக்கலாம்.

சொத்து விஷயத்தில் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன். விளங்கும் திறன் குறைந்தவன் என்பதால் ஃபராயிளில் அவன் பங்கு அற்றுப்போவதில்லை. அதைச் சகோதரர்கள் பிரித்துக்கொள்வது ஹராம். பொருளை நிர்வகிக்க இயலாதவருக்கு அதிலிருந்தே உணவும் உடையும் அளித்து, அவரிடம் கனிவாகப் பேசவும் அந்நிஸா அத்தியாயத்தின் 5ஆம் வசனம் கட்டளையிடுகிறது.

நிக்காஹ் செய்தால் குணமாகிவிடும் என்பதும் தவறு. அவனுக்கு விளங்கும் சொல்லில் விருப்பம் கேட்காமலும், பெண் வீட்டாரிடம் உண்மையைச் சொல்லாமலும் நம் தஃப்தரில் ஒரு பெயர்கூட ஏறக் கூடாது.

18 வயது நிறைந்தபின் பெற்றோர் தாமாகவே சட்டப்படியான பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, பாதுகாவலர் என்பவர் குறிப்பிட்ட காலத்திற்கு, குறிப்பிட்ட முடிவுகளில், அவருடைய விருப்பத்தை ஒட்டிச் சேர்ந்து முடிவெடுப்பவர் என்று கூறுகிறது. ஆகவே மனு எழுதுமுன் பிள்ளையிடமும் கேளுங்கள்.

பயிற்சிக்கு, 2005இல் தொடங்கப்பட்ட தேசிய நிறுவனம் நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே முட்டுக்காட்டில் உள்ளது. பாதுகாவலர் மனு தொடர்பாகச் செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரை அணுகலாம். துணைக்கு ஆள் வேண்டுவோர் ஜுமுஆவுக்குப் பின் நிர்வாகிகளிடம் தெரிவிக்கவும். வரும்போது பிள்ளையையும் அழைத்து வாருங்கள்.