கத்தரிக்கப்பட்ட மூலை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவிதையும் கட்டுரையும் பேசப்படும் அவையில், பழைய கணிப்பொறி நிறுவனம் ஒன்றின் விளம்பரத் தாள்களுக்கு என்ன இடம் என்னும் வினா எழுவது இயல்பே. எடுத்துக்கொண்ட பொருள் இயந்திரத்தைக் காட்டிலும் அச்சிட்ட சொல்லையே சார்ந்தது. விற்பதற்கென எழுதப்பட்டு, விற்றபின் குப்பைக்குப் போகவேண்டிய சொல்லைச் சிலர் ஆண்டுக்கணக்கில் தேடிச் சேர்க்கின்றனர். அவர்கள் காப்பது எதனை என்று எண்ணிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

வீட்டுக் கணிப்பொறி என்னும் பண்டம் இங்கிலாந்தில் பரவிய காலம் 1980களின் தொடக்கம். அதனைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் கிளைவ் சின்க்ளேர் (1940–2021). பல்கலைக்கழகம் செல்லாமல், பள்ளிப் படிப்பு முடிந்ததும் வானொலித் தொழில்நுட்ப இதழ் ஒன்றில் பணியாற்றியவர் அவர். 1961இல் தம் முதல் நிறுவனத்தைத் தொடங்கினார். பொழுதுபோக்காக மின்னணுக் கருவிகள் செய்வோர் படிக்கும் இதழ்களில் விளம்பரம் கொடுத்து, அஞ்சல் வழியே பொருளை அனுப்புவது அவர் கைக்கொண்ட முறை. இதழியலிலிருந்து வணிகத்துக்கு வந்தவர்க்கு அச்சுத்தாளே கடையாக அமைந்தது.

1980இல் அவருடைய கேம்பிரிட்ஜ் நிறுவனம் வெளியிட்ட இசட்எக்ஸ் 80 என்னும் கணிப்பொறியின் விலை 99.95 பவுண்டு. உதிரிப் பாகங்களாக வாங்கித் தாமே பற்றவைத்துக் கொள்வோர்க்கு 79.95 பவுண்டு. 1981 மார்ச்சில் இசட்எக்ஸ் 81 வந்தபோது விலை 69.95 பவுண்டாகக் குறைந்தது. 1982 ஏப்ரலில் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், நினைவகத்தின் அளவுக்கேற்ப 125 பவுண்டுக்கும் 175 பவுண்டுக்கும் விற்கப்பட்டது. முதற்பொருளைக் கடையில் தொட்டுப் பார்த்து வாங்கும் வாய்ப்பு மக்களுக்கு இல்லை. இதழின் பக்கத்தில் படத்தையும் சொல்லையும் கண்டு, நம்பி, காசோலை எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருந்தனர்.

அந்நிறுவனத்தின் தாள்களைத் தேடுவோர் சேர்ப்பவை பலவகைப்பட்டன: இதழ்களின் முழுப்பக்க விளம்பரங்கள், இதழுக்குள் செருகி வைக்கப்பட்ட மடிப்புத் தாள்கள், விலைப்பட்டியல்கள், ஆணைப் படிவங்கள், உத்தரவாத அட்டைகள். இயந்திரத்துடன் வந்த கையேடும் இவ்வரிசையில் சேர்வதுண்டு. இசட்எக்ஸ் 81இன் கையேட்டை எழுதியவர் ஸ்டீவன் விக்கர்ஸ். அட்டை ஓவியத்தைத் தீட்டியவர் ஜான் ஹாரிஸ். கறுப்புப் பெட்டி ஒன்றின் கையேட்டுக்கு, விண்வெளிக் கதைநூலுக்கு உரியதொரு காட்சியை அட்டையாக்கினர். வாங்கியவன் கையிலிருந்த பொருளுக்கும் அவன் கனவிலிருந்த பொருளுக்கும் இடைப்பட்ட தொலைவை அவ்வட்டை இன்றும் காட்டுகிறது.

இத்தாள்கள் பலவற்றில் நாள் குறிக்கப்பட்டிராது. அந்நிலையில் சேகரிப்பாளர்க்கு விலையே கல்வெட்டாகிறது. பெரிய ஸ்பெக்ட்ரத்தின் விலை 175 பவுண்டு என்றிருந்தால் அத்தாள் 1983ஆம் ஆண்டின் விலைக் குறைப்புக்கு முந்தியது, 129.95 என்றிருந்தால் அதற்குப் பிந்தியது. முகவரியும் துணை செய்கிறது. இசட்எக்ஸ் 81இன் விளம்பரம் பணத்தைக் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் பரேடு வீதிக்கு அனுப்பச் சொல்கிறது. ஸ்பெக்ட்ரத்தின் விளம்பரமோ சர்ரே மாவட்டத்துக் கேம்பர்லி ஊருக்கு அனுப்பச் சொல்கிறது. ஏட்டுச் சுவடியின் காலத்தை எழுத்தமைதி கொண்டு கணிப்பதற்கு ஒப்பான உழைப்பு இது.

இனி அச்சொல்லின் தன்மையை நோக்கலாம். சதுரங்கம் ஆடுவது முதல் மின்நிலையத்தை நடத்துவது வரை இசட்எக்ஸ் 80 கொண்டு எதனையும் செய்யலாம் என்று அதன் விளம்பரம் கூறிற்று. கூறப்பட்ட அந்த இயந்திரத்தின் நினைவகம் 1 கிலோபைட். அதாவது 1024 ஆங்கில எழுத்துகளுக்குப் போதிய இடம். விளம்பரப் பக்கத்தில் நெருக்கி அச்சிட்ட வாசகம் அதனினும் பெரிது. தன்னைப் பற்றிய புகழுரையைத் தன்னுள் அடக்கிக்கொள்ள இயலாத இயந்திரம் அது. அரசனின் கொடையை மிகைப்படுத்திய புலவர்களை அறிந்த தமிழ் அவைக்கு இந்த உயர்வு நவிற்சி புதியதாகத் தோன்றாது. ஆயினும் அதனைப் பொய்யென ஒதுக்கிவிடவும் முடியாது. அவ்வாசகத்தை நம்பி வாங்கிய சிறுவர் பலர் அந்த 1 கிலோபைட்டுக்குள் நிரல் எழுதப் பழகி, பின்னாளில் அதனையே தொழிலாகக் கொண்டனர். மின்நிலையம் ஓடவில்லை, வேறு சில ஓடின.

சொல் பொருளை முந்திச் சென்றதற்கு இன்னும் தெளிவான சான்று 1984இல் கிடைக்கிறது. அவ்வாண்டு ஜனவரி 12 அன்று க்யூஎல் என்னும் புதிய கணிப்பொறியை நிறுவனம் அறிவித்தது. விலை 399 பவுண்டு. 28 நாள்களுக்குள் வந்து சேரும் என்பது வாக்குறுதி. அன்று விற்பனைக்குரிய நிறைவான இயந்திரம் ஒன்றேனும் இல்லை. முதற்சில இயந்திரங்கள் ஏப்ரல் இறுதியில்தான் வெளிவந்தன. அவற்றிலும் நிரலின் ஒரு பகுதி உள்ளே அடங்காமல், பின்புறம் நீட்டிக்கொண்டிருந்த தனித் துண்டில் வைக்கப்பட்டிருந்தது. ஆக, அந்த ஜனவரித் திங்களில் க்யூஎல் முழுமையாக இருந்த இடம் விளம்பரத்தாள் ஒன்றே. அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்ட இயந்திரம் இந்த உண்மையைச் சொல்லாது. காத்திருந்தோரின் பொறுமையையும் சினத்தையும் அறிய விரும்புவோர், 28 நாள் என்று அச்சிட்ட தாளையே கையில் எடுத்தாக வேண்டும்.

அச்சுத்தாள் கைகலப்பில் முடிந்ததும் உண்டு. சின்க்ளேரிடம் பல்லாண்டு பணியாற்றிய கிறிஸ் கரி, 1978இல் விலகி ஏகார்ன் என்னும் போட்டி நிறுவனத்தை ஹெர்மன் ஹவுசருடன் சேர்ந்து நிறுவினார். 1984ஆம் ஆண்டு இறுதியில், சின்க்ளேரின் இயந்திரங்கள் பழுதாகித் திரும்பி வருவதைச் சுட்டி ஏகார்ன் ஒரு விளம்பரம் வெளியிட்டது. அதனைக் கண்டு வெகுண்ட சின்க்ளேர், கேம்பிரிட்ஜின் மதுக்கூடம் ஒன்றில் கரியைக் கண்டதும், சுருட்டிய செய்தித்தாளால் அவரைத் தாக்கினார். அடுத்த ஓராண்டுக் காலத்தில் இரு நிறுவனங்களும் நொடித்தன. 1986 ஏப்ரலில் சின்க்ளேரின் கணிப்பொறி வணிகம் ஆம்ஸ்ட்ராட் நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டுக்குக் கைமாறிற்று.

இச்சேகரிப்பின் நெஞ்சான செய்தி ஒன்று இன்னும் எஞ்சியுள்ளது. அவ்விளம்பரங்களின் மூலையில் புள்ளிக்கோட்டால் சூழப்பட்ட கூப்பன் இருக்கும். வாங்க விரும்புவோர் அதனைக் கத்தரித்து, பெயரும் முகவரியும் எழுதி அனுப்பவேண்டும். சந்தையில் மதிப்புப் பெறுவது கூப்பன் சிதையாத முழுத்தாள். சற்று எண்ணிப் பார்த்தால் இது விந்தையாகப் படும். முழுமையாக நிற்கும் தாள், படித்தவரை அசைக்காத தாள். அல்லது அசைந்தும் அவர் கையில் பணமில்லாத தாள். மூலை கத்தரிக்கப்பட்டு வெறுமையாய் நிற்கும் தாளே தன் வேலையை முடித்தது. அந்தச் சதுர வெற்றிடத்தில் ஒரு குடும்பத்தின் கலந்துரையாடல், ஒரு சிறுவனின் கெஞ்சல், ஒரு தந்தையின் கணக்கு ஆகிய யாவும் அடங்கியிருந்திருக்கலாம். கூப்பனோடு, அப்பக்கத்தின் மறுபுறத்தில் வேறொருவர் எழுதிய கட்டுரையின் சில வரிகளும் சேர்ந்து போயின.

இன்று பழைய இதழ்கள் படிமங்களாக்கப்பட்டு எவரும் காணும் வண்ணம் வைக்கப்படுகின்றன. அது நற்பணி. ஆயினும் ஒரு படி போதும் என்று கருதுவோர் முழுத்தாளையே தேர்ந்து, கத்தரித்ததைக் கழித்துவிடுவர். அவ்வாறு கழிக்கப்படும்போது விற்றவனின் குரல் எஞ்சும். வாங்கியவனின் சுவடு மறையும். ஆதலால் கத்தரித்த தாளுக்கும் பெட்டியில் ஓர் இடம் ஒதுக்குபவரே நல்ல சேகரிப்பாளர். துருவேறும் கம்பி ஊசியை நீக்குதல், ஒட்டுநாடாவைத் தவிர்த்தல், அமிலமற்ற உறையில் வெளிச்சம் படாமல் வைத்தல் என்னும் எளிய கடமைகளை அவர் இரண்டுக்கும் ஒருசேரச் செய்வார்.

இத்தகைய உதிரித் தாள்களுக்கு அறிவுலகில் மதிப்புத் தேடித் தந்தவர்களுள் ஒருவர் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக அச்சகத்தின் தலைவராயிருந்த ஜான் ஜான்சன் (1882–1956). அச்சுத் தொழிலுக்கு வருமுன் அவர் எகிப்தில் பேப்பிரஸ் சுவடி தேடி அகழ்ந்தவர். முதல் உலகப் போருக்குச் சற்று முன், அந்தினோ என்னும் பாழ்நகரின் குப்பை மேட்டிலிருந்து, முல்லை வாழ்வைப் பாடிய கிரேக்கக் கவிஞர் தியாக்ரிட்டஸின் செய்யுள்கள் அடங்கிய சுவடியை அவர் மீட்டார். பண்டையோர் எறிந்ததைத் தோண்டி எடுக்கும் தலைமுறை, தான் எறிவதை ஏன் காக்கவில்லை என்னும் எண்ணம் அவருள் வேரூன்றிற்று. விளம்பரம், பயணச்சீட்டு, விலைப்பட்டியல் என அவர் சேர்த்தவை 1968 முதல் பாட்லியன் நூலகத்தில் உள்ளன. ஒரு கவிஞரின் சொல்லும் ஒரு வணிகனின் கணக்கும் ஒரே குப்பை மேட்டில் கிடந்து உயிர் பிழைத்ததை நேரில் கண்டவர்க்கு, எத்தாளையும் இழிந்ததெனத் தள்ள மனம் வரவில்லை.

பத்தாண்டு நிறைவெய்தும் இவ்வட்டத்தின் கவிதைகள் நூல்களில் நிற்கும், இம்மலரும் நிற்கும். கூட்ட அழைப்பிதழ்களும், நன்கொடைச் சீட்டுகளும், பேச்சாளர் பெயரை மையால் அடித்துத் திருத்திய அறிவிப்புகளும் எவர் வீட்டுப் பரணில் உள்ளன என்று ஒருமுறை தேடிப் பார்ப்பது நலம். கிழிந்தவை கிடைத்தாலும் சேர்த்து வைக்கலாம். கிழிந்த இடத்தில்தான் யாரோ ஒருவர் அந்த அழைப்பை ஏற்று வந்திருப்பார்.