வாலிபனின் அச்சமும் வைத்தியனின் பெட்டியும்

(கம்பம் பள்ளத்தாக்கில் நடந்த வாலிபர் கூட்டமொன்றில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் பேசியதன் சுருக்கம்)

தோழர்களே,

கூலியைப் பற்றியும் போனஸைப் பற்றியும் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். அந்தக் கூலி கைக்கு வந்தபின் போகும் வழிகளில் ஒன்றை மட்டும் பேசியதில்லை. வெட்கப்பட்டோம். இன்று பேசுகிறேன். தாய்மார்கள் எழுந்து போக வேண்டாம்; உங்கள் பிள்ளைகளின் சங்கதிதான் இது.

பஸ் நிலையச் சுவரைப் பாருங்கள். கன்னம் ஒட்டியிருக்கிறதா, கண் குழிந்திருக்கிறதா, இளமையில் செய்த தவறா என்று கேட்டு, இன்ன தேதியில் இன்ன லாட்ஜுக்கு வாலிபர்களை அழைக்கிறான் ஒருவன். இப்போது கைபேசியிலும் அழைக்கிறான்.

நூற்பாலையில் இரவு ஷிப்டு பார்க்கும் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் போனான். தூக்கத்தில் விந்து வெளியாவது அவனுக்குப் பயம். “ஒரு சொட்டு போனால் அறுபது சொட்டு ரத்தம் போச்சு. நீ கல்யாணத்துக்கு லாயக்கில்லை” என்று சொல்லி, மூன்று மாதச் சம்பளத்துக்கு லேகியம் கொடுத்தான் அந்த வைத்தியன். பையன் வட்டிக்கு வாங்கிக் கொடுத்தான். வீட்டில் பெண் பார்த்தார்கள்; வேண்டாமென்றான். கடைசியில் என்னிடம், “செத்துரலாம்னு தோணுது அண்ணே” என்றான்.

நான் சிரிக்கவில்லை, தோழர்களே. பதினேழு வயதில் நானும் அதே பயத்தில் தூங்காமல் கிடந்தவன்.

அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். டாக்டர் சோதித்தார். ரத்தம் குறைவு. காரணம் என்ன? இரவெல்லாம் கண் விழிப்பு, டீயும் பன்னும் சாப்பாடு. கன்னத்தை ஒட்ட வைத்தது அதுதான். அவன் ‘பாவம்’ அல்ல!

விஞ்ஞானம் சொல்வதைக் கேளுங்கள். விந்து ரத்தத்தை வடித்து எடுப்பதல்ல. உயிரணுக்கள் விதைகளில் அன்றாடம் உற்பத்தியாகின்றன. மற்ற நீர் விந்துப்பையிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் ஊறுகிறது. கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்கிறது. கண்மாய் வற்றிப்போச்சு என்று எந்த விவசாயியாவது அழுவானா? கைப்பழக்கத்தால் ரத்தம் வற்றாது, ஆண்மையும் போகாது. உறுப்பின் அளவு ஆளுக்கு ஆள் மாறும், முகம் மாறுவதைப் போல.

இந்தப் பயம் நமக்கு மட்டும் வந்ததல்ல. 1760-இல் சுவிட்சர்லாந்து வைத்தியர் திஸ்ஸோ எழுதிய புத்தகம் ஐரோப்பாவையே நடுங்க வைத்தது. பிற்கால மருத்துவம் அதைத் தள்ளிவிட்டது. நம் நாட்டில் மனநல மருத்துவர் என். என். விக் 1960-இல் இந்த அச்சத்துக்கே ‘தாது நோய்க்குறி’ என்று பெயர் வைத்தார். சோர்வும் படபடப்பும் உண்மை. விந்து போனதால் வந்தது என்பதுதான் பொய்.

ஆண்மையைப் பெருக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாய வைத்திய விளம்பரத் தடைச் சட்டம் குற்றமென்கிறது. முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை. சட்டம் ஏட்டில் இருக்கிறது, போஸ்டர் சுவரில் இருக்கிறது! ஏன்? ஏமாந்தவன் வெட்கத்தால் புகார் கொடுப்பதில்லை. அந்த வெட்கந்தான் வைத்தியனின் மூலதனம்.

ஆகவே நாம் செய்ய வேண்டியது மூன்று. ஒன்று, சங்க அறையில் இப்படி ஒரு பையன் வாய் திறந்தால் கேலி செய்யாதீர்கள். இரண்டு, உண்மையிலேயே கோளாறு என்றால் க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அங்கே போகட்டும். மனம் உடைந்தவன் 14416 என்ற அரசின் இலவச எண்ணில் பேசட்டும். மூன்று, போஸ்டரைக் கண்டால் கூட்டாகப் புகார் கொடுங்கள்.

அந்தப் பையன் இப்போது ரத்த விருத்திக்கு மாத்திரை சாப்பிடுகிறான், நன்றாகத் தூங்குகிறான். வட்டிக் கடன் மட்டும் இன்னும் தீரவில்லை. அடுத்தவன் பிள்ளைக்கு அந்தக் கடன் வராமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.