வண்டியைச் சுற்றி ஒரு வலம்



கிடங்குகளிலும் துறைமுகங்களிலும், இரண்டு இரும்புக் கரங்களை முன்னே நீட்டியபடி பெட்டிகளைத் தூக்கிச் செல்லும் வண்டியை நீங்கள் பார்த்திருக்கலாம். ஃபோர்க்லிஃப்ட் என்பது அதன் பெயர். அக்கரங்களைக் கவை என்று சொல்வோம். அவ்வண்டி ஒரு நெம்புகோலே. முன்சக்கரம் அதன் ஆதாரப்புள்ளி. முன்னே சுமை, பின்னே அதற்கு ஈடாக வைத்த இரும்புப் பாளம்.

என்னிடம் படித்த ஒருவர் ஒரகடத்துக் கிடங்கொன்றில் இவ்வண்டியை ஓட்டுகிறார். ஒருநாள் காலை அவர் வேலை தொடங்குவதைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. வந்தவுடன் அவர் வண்டியில் ஏறவில்லை. கோயிலை வலம் வருவார்போல் அதனைச் சுற்றி வந்தார். தரையில் எண்ணெய்த் துளி உண்டா, சக்கரத்தில் வெட்டு உண்டா, தூணில் ஓடும் இரு சங்கிலிகளும் ஒரே இறுக்கமாக உள்ளனவா என்று பார்த்தார். எண்ணெய்க் குழாயைக் கையால் தடவலாகாதாம். அழுத்தமுற்ற எண்ணெய் ஊசிபோல் தோலுக்குள் பாய்ந்துவிடும். ஆகவே ஓர் அட்டைத் துண்டைப் பிடித்தே கசிவை அறிகின்றனர்.

கவையின்முன் குனிந்தவர் நெடுநேரம் எழவில்லை. "இங்கேதான் ஐயா, நீங்கள் சொன்ன கணக்கு இருக்கிறது" என்றார். கவை முழங்கைபோல் வளையும் இடத்திலேதான் பளு மிகுதியாகத் தாக்குகிறது. 40 மில்லிமீட்டர் தடிப்புள்ள கவை தேய்ந்து 36 மில்லிமீட்டர் ஆயிற்று என்று கொள்வோம். பத்தில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால், வளையாமல் தாங்கும் வலிமை தடிப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது. 40-இன் வர்க்கம் 1,600. 36-இன் வர்க்கம் 1,296. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வலிமை போய்விட்டதன்றோ? அந்நிலையை எட்டிய கவையைக் கழற்றிவிட வேண்டும் என்பது முறை. வர்க்கத்தால் என்ன பயன் என்று அந்நாளில் என்னைக் கேட்டவர்களில் இவரும் ஒருவர்!

பின்னர் ஏறியமர்ந்து, பிரேக்கு, ஸ்டியரிங், ஹாரன், இருக்கைவார் ஆகியவற்றைச் சோதித்தார். அதன் பிறகே நோட்டில் குறியிட்டார்.

நாள்தோறும் இது வேண்டுமா என்று கேட்டேன். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி, நாளுக்கு ஒரு முறையேனும் வேண்டும் என்கிறது. இரவுபகலாக ஓடும் வண்டியை ஒவ்வொரு ஷிப்டுக்குப் பின்னும் சோதிக்கச் சொல்கிறது. அவரோ வேறு விடை கூறினார்.

"முன்பு வேறோரிடத்தில் வேலை பார்த்தேன், ஐயா. திங்கட்கிழமையே வாரம் முழுவதற்கும் 'சரி' என்று எழுதிவிடுவேன். செவ்வாயன்று பிரேக்கு சற்றே தளர்ந்தது. வியாழனன்று சுமையேற்றும் ஒருவருடைய கால் சுவரோடு நசுங்கியது. நோட்டை எடுத்துப் பார்த்தார்கள். வியாழக்கிழமைக்கு நேரே என் கையெழுத்து இருந்தது."

நான் ஒன்றும் பேசவில்லை. தலை நிமிராமலே வருகைப் பதிவை முடித்த காலைகள் எனக்கும் உண்டு.

அன்று வண்டியினடியில் எண்ணெய் சொட்டியிருந்தது. அவர் சாவியைக் கழற்றி, சிவப்பு அட்டையொன்றைக் கட்டித் தொங்கவிட்டு, மேற்பார்வையாளரிடம் சென்றார். வாயிலில் லாரிகள் நின்றன. மேற்பார்வையாளருடைய முகம் மலரவில்லை. ஆயினும் சாவியை வாங்கி மேசையறைக்குள் வைத்துப் பூட்டினார். பழுது பார்ப்பவர் வந்து சேர நண்பகலாயிற்று. அதுவரை லாரிகள் காத்திருந்தன.