தொட்டித் தண்ணீர் ஏன் கலங்குகிறது?

ஆத்தங்குடி போன்ற செட்டிநாட்டு ஊர்களுக்கு முன்பெல்லாம் ஊருணிதான் குடிநீர். புதுமழைக்கு அது கலங்கினால், பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துத் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். மண் அடியில் படிந்துவிடும்.

வீட்டு மீன்தொட்டியில் இந்த வைத்தியம் பலிக்காது.

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கப்பி, மோலி, ஏஞ்சல் என்று ஆசையாய் வாங்கிப் புதுத்தொட்டியில் விடுவார்கள். சில நாளில் தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுக்கும். அது மண்ணல்ல, மிஞ்சிய தீனியில் திடீரெனப் பெருகிய பாக்டீரியா. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கு விஷம். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நல்ல நுண்ணுயிர்கள் ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பதறிப்போய் ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசினால், குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். பலர் செய்யும் தப்பு இதுதான்!

பச்சையாகக் கலங்கினால் பாசி. வெயில் படாத இடத்துக்குத் தொட்டியை மாற்றினாலே பாதி குறையும்.

இரண்டு நிமிடத்தில் மீன்கள் தின்று தீர்க்கும் அளவுக்கு மட்டும் தீனி போடுங்கள். வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள்; குழாய்த் தண்ணீரை ஒருநாள் வாளியில் திறந்து வைத்த பிறகு ஊற்றுங்கள். பஞ்சை அலசத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரே போதும்.