கம்ப்யூட்டர்: ரெடிமேடா, அசெம்பிளா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "உன் வேலையைப் பத்திப் பேசுப்பா" என்றார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பவர் எலக்ட்ரானிக்ஸ் பேசினால் அரங்கம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கடைசி பெஞ்சில் நான்கு வருடம் உட்கார்ந்தவன் நான். ஆகவே வேறு விஷயம். போன மாதம் என் அக்கா மகன், கல்லூரி முதலாண்டு, "மாமா, கேம் ஆடற மாதிரி ஒரு சிஸ்டம் வேணும். காசு கம்மி. ரெடிமேடா வாங்கட்டுமா, அசெம்பிள் பண்ணட்டுமா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

2007-ல் நான் இரண்டாம் ஆண்டு. விடுதியில் கவுன்டர் ஸ்ட்ரைக் காய்ச்சல் பரவியிருந்த நேரம். "ப்ராஜெக்ட்டுக்கு கம்ப்யூட்டர் கட்டாயம் வேணும்" என்று அப்பாவிடம் ஒரு பொய் சொன்னேன். அவர் அலுவலகக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் போட்டு 28 ஆயிரம் ரூபாய் கொடுத்தார். சென்னையில் ஒரு கடைக்குப் போய், ப்ராசஸர் என்ன, கிராபிக்ஸ் கார்டு என்ன என்று அரை மணி நேரம் வாதாடினேன். மற்றதைக் கடைக்காரர் எழுதினார். சீட்டில் கடைசி வரி: "கேபினெட் வித் எஸ்.எம்.பி.எஸ்." அவ்வளவுதான். கம்பெனி பேர் இல்லை, மாடல் நம்பர் இல்லை. அந்தச் சீட்டும் பில் அல்ல, வெறும் எஸ்டிமேட்.

எட்டாவது மாதம், மே மாத வெயிலில், ஒரு ராத்திரி 'டப்' என்றது. கொஞ்சம் புகை. மதர்போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து போயின. கடையில் கேட்டால், "எரிஞ்சதுக்கு வாரண்டி கிடையாது தம்பி." அப்பா திட்டவில்லை. ஆனால் சங்கக் கடன் இருபது மாதப் பிடித்தம். கம்ப்யூட்டர் உயிரோடு இருந்தது எட்டு மாதம். மீதிப் பன்னிரண்டு மாதமும் சம்பளச் சீட்டில் அந்த வரியைப் பார்த்துக்கொண்டுதான் அவர் கையெழுத்துப் போட்டிருப்பார்.

செத்துப்போன அந்த எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைக் கழற்றி, அதன் லேபிளை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் படித்தேன். மேலே பெரிய எழுத்தில் 450 வாட். கீழே கட்டத்தில், 12 வோல்ட்டுக்கு நேராக 14 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள்: 168 வாட். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் தின்பது இந்த 12 வோல்ட் லைனைத்தான். மீதி வாட் எல்லாம் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் கணக்குக் காட்டியது. அந்த 168-ஐயாவது அது ஒழுங்காகக் கொடுத்ததா என்பதே எனக்குச் சந்தேகம். பிற்பாடு நான் பவர் சப்ளை வடிவமைக்கும் வேலைக்கே போனதற்கு அந்தப் பெட்டி ஒரு காரணம் என்று என் மனைவி சொல்லுவாள்.

இன்றைய பெட்டிகளில் '80 பிளஸ்' முத்திரை பார்த்திருப்பீர்கள். அது திறன் அளவு, அதாவது சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் வெளியே வருகிறது என்பது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் எத்தனை வருடம் தாங்கும் என்று அது சொல்லாது. முத்திரையோடு 12 வோல்ட் ஆம்பியரையும் வாரண்டி வருடத்தையும் பாருங்கள்.

என் கட்சி இதுதான். ஸ்குரூ டிரைவரை யார் திருப்புகிறார்கள் என்பது பெரிய விஷயமே இல்லை. பட்டியலை யார் எழுதுகிறார்கள் என்பதுதான் விஷயம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் நீங்கள் எழுதிக் கொடுக்கும் பட்டியலைக் கடைப் பையனே மாட்டித் தருவான். கை நடுங்குபவர்கள் தாராளமாக அவனிடமே கொடுங்கள். ஏஎம்4 ப்ராசஸரின் பின் ஒன்று வளைந்தால் உங்களுக்குத் தூக்கம் போய்விடும். ஆனால் ஒவ்வொரு வரியிலும் மாடல் நம்பர் இருக்க வேண்டும், ஜி.எஸ்.டி. பில்லும் வேண்டும். பேர் எழுதாத வரியில்தான் விற்பவர் லாபம் பார்க்கிறார்.

ரெடிமேடிலும் இதே கதைதான், கொஞ்சம் நாசூக்காக. விளம்பரத்தில் "ஐ7, 16 ஜிபி" என்று கொட்டை எழுத்து. கிராபிக்ஸ் கார்டு எது என்று தேடினால் பொடி எழுத்து. கேமுக்கு முதல் செலவு கார்டில்தான் இருக்க வேண்டும். 16 ஜிபி என்பது ஒரே குச்சியா, 8 ஜிபி இரண்டா என்றும் கேளுங்கள். இரண்டாக இருந்தால் இரட்டைத் தடத்தில் ஓடும். தனி கார்டு இல்லாமல் ப்ராசஸரில் இருக்கும் கிராபிக்ஸை நம்புகிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். பெரிய கம்பெனிகளின் மேஜைக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் மதர்போர்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் அவர்களுடைய சொந்த அளவு. இன்டெல் 1995-ல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அளவுப் பொருள் உள்ளே போகாது. நாளைக்குப் பெரிய கார்டு போட நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். பொது அளவில் பூட்டியவனுக்கு அந்தக் கவலை இல்லை. 2017-ல் ஏஎம்4 போர்டு வாங்கியவர்களில் பலர், பயாஸை மட்டும் புதுப்பித்துவிட்டு, 2022-ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி வரை அதிலேயே போட்டார்கள்.

அதற்காக, அசெம்பிள்தான் எப்போதும் மலிவு என்று சத்தியம் செய்ய மாட்டேன். 2021-ல் ஈத்தீரியம் நாணயம் தோண்டுகிறவர்கள் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். தனியாகக் கார்டு கிடைக்காமல், கார்டுக்காகவே முழு கம்ப்யூட்டர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். 2022 செப்டம்பரில் ஈத்தீரியம் அந்த முறையைக் கைவிட்ட பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. 2025-ன் கடைசி மாதங்களில் ராம் விலை ஏறிய ஏற்றம் உங்களுக்கே தெரியும். ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் பக்கம் தயாரிப்பாளர்கள் திரும்பிவிட்டார்கள். அந்த டிசம்பரில் மைக்ரான், தன் குருஷியல் பெயரில் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. இப்படிப்பட்ட சமயத்தில், பழைய விலை ராமோடு கடையில் நிற்கும் ரெடிமேட் பெட்டி மலிவாக இருக்கலாம். பட்டியலைப் போட்டுக் கூட்டினால்தான் தெரியும். ஒரு மாலை வேலை, அவ்வளவுதான்.

அக்கா மகன் கதைக்கு வருகிறேன். "எதுக்குன்னு அப்பாகிட்ட உண்மையைச் சொல்லுடா" என்றேன். சொன்னான். அத்தான் பட்ஜெட்டைப் பாதியாக வெட்டிவிட்டார்! (சிரிப்பு)

அந்தப் பாதிப் பணத்துக்குப் புதிதாக எதுவும் சரியாக வரவில்லை. ஆகவே அலுவலகத்தில் ஓடிக் கழித்த ஒரு செகண்ட் ஹேண்ட் பெட்டி பார்த்தோம். இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம் என்றேன். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது எட்டாம் தலைமுறையிலிருந்துதான். அதில் ஒரு பழைய ஜிடிஎக்ஸ் 1650, தனி மின் ஒயர் கேட்காத, குட்டை உயர வகை. மதர்போர்டின் ஸ்லாட்டே 75 வாட் தரும். இந்தக் கார்டுக்கு அது போதும். கேபினெட்டின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுத்தான் கார்டுக்குக் காசு கொடுத்தான். புதுசாக வரும் கனமான கேம்கள் அதில் ஓடாது, அதையும் சொல்லிவிட்டேன். நாளைக்கு வேறு பெட்டி வாங்கினால் கார்டும் எஸ்.எஸ்.டி.யும் கூடவே போகும், மற்றது போகாது.

சாப்பாட்டுக்குப் பிறகு நம் எலக்ட்ரானிக்ஸ் லேபில் ஒரு பழைய கேபினெட்டைத் திறந்து வைத்திருப்பேன். அன்று எரிந்த அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் கொண்டுவந்திருக்கிறேன். லேபிளைப் படித்துப் பார்க்கலாம். ஸ்குரூ டிரைவர் இரண்டுதான் இருக்கிறது, முந்தி வருகிறவர்களுக்கு.